கை மட்டும்தான் தெரியும்

முகத்தைக் காட்டவே மாட்டார்கள். அதுதான் சகாயத்துக்கு ஆறவே ஆறாத குறை. மாசம் பிறந்தால் இந்தக் கேரம் சேனல்காரர்கள் தொண்ணூற்றொன்பது ரூபாயைத் தானாக உருவிக்கொள்கிறார்கள், உங்கள் சந்தா வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது என்று மத்தாப்புப் படம் போட்டு மெசேஜ் வேறு அனுப்புகிறார்கள், ஆனால் கேமராவை மட்டும் கொண்டுபோய் கூரையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒரு கேரம் போர்டு, நாலு மூலையில் நாலு குழி, வெள்ளைக் காய், கறுப்புக் காய், ஒரு சிவப்பு, இரண்டு பக்கத்திலிருந்தும் மாறிமாறி நீளுகிற கை. மணிக்கட்டு வரைக்கும்தான் கை. அதற்கு மேல் ஆள் கிடையாது. கிரிக்கெட்டில் ஒருத்தன் எச்சில் துப்பினால்கூட ஆறு பக்கத்திலிருந்து காட்டுகிறான், கேரம் ஆடுகிற பிள்ளைகளுக்கு மூஞ்சி இல்லையா என்ன? இப்படி மாசத்துக்கு நாலு தரம் திட்டிவிட்டுத்தான் பார்ப்பாள். இன்றைக்கும் திட்டிவிட்டு, போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, மடியில் டெய்லர் கொடுத்தனுப்பிய ஜாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்தாகிவிட்டது, பன்னிரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டும், இப்போது நாலாவது. ராயபுரத்தின் வெயில் மூன்றாவது மாடி ஜன்னல் வழியே உள்ளே வந்து தரையில் படுத்திருந்தது. போனில் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, ஸ்ட்ரைக்கரைக் கோட்டின்மேல் வைத்து, கொஞ்சம் யோசித்து, அரை விரல் தள்ளி வைத்தது. அது பெனிட்டாவின் கை. சகாயத்தின் ஒரே மகள். இருபத்தாறு வயசு, புனேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை. பதினாலு மாசமாக அம்மாவோடு பேசுவதில்லை.

கை என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அதில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா. மணிக்கட்டுக்குக் கீழே, கட்டைவிரல் பக்கம், கொஞ்சம் வெளுத்த மாதிரி ஒரு தழும்பு. ஒன்பது வயசில் அயர்ன் பாக்ஸில் இழுத்துக்கொண்டது. அன்றைக்கு அழவேயில்லை அது, அம்மா அடிப்பாளோ என்று கையைப் பாவாடைக்குள்ளே ஒளித்து வைத்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. அடித்தும்தான் விட்டாள் சகாயம், மருந்து போட்டுவிட்டு. ஏன் அடித்தோம்? பயத்தில் அடித்ததுதான். பயம் வந்தால் வேறு என்ன செய்வதென்று தெரியாத ஜென்மம். நகம் நன்றாக வெட்டியிருக்கிறாள், கடிக்கவில்லை, நல்லது. போன மாசம் மோதிரவிரல் நகம் கடித்திருந்தது, அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூக்கமில்லை சகாயத்துக்கு. ஆபீஸில் யாராவது ஏதாவது சொன்னார்களா, ஹாஸ்டலில் சண்டையா, காய்ச்சலா? ஒரு விரல் நகத்தை வைத்துக்கொண்டு எத்தனை தூரம் போக முடியுமோ அத்தனை தூரம் போய்விட்டு வந்தாள். இப்போது கை கொஞ்சம் இளைத்திருக்கிறதோ? விரல் மூட்டெல்லாம் தூக்கித் தெரிகிறதே. இல்லை, பவுடர் பட்டால் அப்படித்தான் தெரியும், எல்லார் கையும் அப்படித்தான் தெரிகிறது. சந்தா கட்டின இந்த ஒன்பது மாசத்தில் எத்தனை கை பார்த்தாகிவிட்டது! ரோமம் மண்டின ஆம்பிளைக் கை, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை, நடுக்கம் எடுத்து ஸ்ட்ரைக்கரை நழுவ விட்ட ஒரு பெரியவர் கை. அத்தனை கையையும் பார்த்து, இதில் ஒரு கை அவளுடையதாக இருக்கக்கூடாதா என்று உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒன்பது மாசத்தில் மகள் கை வந்தது மொத்தம் நாலே நாலு தடவை. இது நாலாவது. ஃபைனல். ஆளுக்கு ஒரு செட் எடுத்து, மூன்றாவது செட் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஓசியில்தான் பார்த்தாள். யாரோ அனுப்பின லிங்க்கைத் தட்டினால் ஐந்து நிமிஷம் ஓடியது, பெனிட்டா ஒரு காயை எடுத்து அடுத்ததற்குக் குனிகிற நேரம் திரை கறுத்து, நடுவில் ஒரு பூட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. தொடர்ந்து பார்க்க உறுப்பினர் ஆகுங்கள். யாரைப் பார்த்துடா பூட்டுப் போடுறே, அது என் பொண்ணு கைடா என்று போனைப் பார்த்து நிஜமாகவே கத்தினாள். அப்புறம் ஓடிபி, பாஸ்வேர்டு, பெயரில் ஏதோ எழுத்து குறைகிறது என்று நாலு முறை திருப்பி அனுப்பியது, ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டி ஒருவழியாக உறுப்பினர் ஆனாள். சகாயமேரி லாசர், உறுப்பினர். மாதா சபையில்கூட அவள் உறுப்பினர் கிடையாது. லாசரிடம் சொல்லவில்லை. அவள் புருஷன் லாசர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடிப்படியில் உட்கார்ந்து மகளோடு போனில் பேசுவார். பேசிவிட்டு உள்ளே வந்து, அவ நல்லாருக்கா என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். ஒருதரம் போனை நீட்டினார், பேசேன்டி என்று. சகாயம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திரிப்பதற்குள் அந்தப் பக்கம் கட் ஆகிவிட்டது. டவர் இல்லை என்றார் லாசர். டவர் இல்லையாம்! இந்த வீட்டில் மாவு அரைக்கிற இடத்தில்கூட நாலு கோடு டவர் இருக்கிறது. அதற்கப்புறம் அவரும் நீட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

எல்லாம் ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் வார்த்தை என்று சொல்வதற்கே லாயக்கில்லாத வார்த்தை. பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள், கழுத்து நிறையச் செயின், பையனுக்குப் பெண் பார்க்கிறாள், கோயிலில் பார்த்துப் பழக்கம். டீயைக் குடித்துக்கொண்டே, பொண்ணு என்னா பண்ணுது என்றாள். சகாயம் சொன்னாள், சும்மா கேரம் ஆடிக்கினு இருக்கா. அவ்வளவுதான். சொல்லி நிமிர்ந்தால் வாசலில் பெனிட்டா செருப்பைக் கழட்டிக்கொண்டு நிற்கிறாள், கையில் ஒரு கப், அன்றைக்குத்தான் மாநில அளவில் ஜெயித்திருக்கிறாள். சும்மாவாம்மா, என்று கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை, நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். வந்தவளுக்கு முன்னால் என்னடி கேள்வி என்று சகாயம் முறைத்தாள். அந்த முறைப்பைத்தான் திரும்பிப்போய் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வார்த்தையாவது பரவாயில்லை. சும்மா என்றால் யார் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரி வந்தால் என்னா என்கிறோம், சும்மாதான் வந்தேன் என்கிறாள், அதற்காக அவள் வரவில்லை என்றா அர்த்தம்? பெரியவங்க முன்னால் நம்ம பிள்ளையை நாமே தூக்கிவைத்துப் பேசினால் கண்ணு பட்டுவிடும் என்று குறைத்துத்தானே சொல்லுவோம், எல்லாத் தாயும் அப்படித்தானே சொல்லுகிறாள். அதெல்லாம் சரி. ஆனால் இவளுக்கே தெரியும், அன்றைக்குக் கண்ணு பட்டுவிடும் என்று பயந்து சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷம் தலைமுடியெல்லாம் பவுடரோடு வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்து, இது சும்மா என்று மனசார நினைத்திருந்தாள். அதுதான் பெனிட்டாவின் காதில் விழுந்தது. அம்மாவை விட்டுட்டு அவ்வளவு தூரம் எப்படிப் போறது என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த புனே வேலைக்கு எட்டாம் நாள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஊசி குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். சரியாகப் பார்க்காமல் குத்தினால் இப்படித்தான். போனில் எதிராளியின் கை வந்தது, கண்ணாடி வளையல் போட்ட சின்னக் கை, பச்சை வளையல், அடிக்கும்போது கிலுங்குமோ என்னவோ, இவள் காதுக்குக் கேட்கவில்லை. கெட்டிக்காரக் கை. எட்ட இருந்த காயைக் கட்டையில் தட்டி எதிர்க் குழிக்கு அனுப்பியது. அடிப்பாவி, என்றாள் சகாயம், மெச்சுகிற குரலில். இதெல்லாம் இப்போது தெரிகிறது. சிவப்பு போட்டால் உடனே இன்னொரு காயைப் பின்னாலேயே போட்டாக வேண்டும், ஃபாலோ என்பார்கள், போடாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் எடுத்த காயில் ஒன்றைத் திருப்பி வைக்க வேண்டும். வெறும் கை பார்க்க வந்தவள் இவ்வளவும் கற்றுக்கொண்டாள். பெனிட்டா ஆடின கிளப் எங்கே இருந்தது? ரெண்டு தெரு தள்ளி. கதவு திறந்தேதான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம், பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், டீகூட வாங்கிக் கொடுப்பார்கள். அங்கே சகாயம் ஒரே ஒரு தடவை போனாள், வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க எழுந்து வாடி என்று இழுத்துக்கொண்டு வர. பிள்ளை பாதி ஆட்டத்தில் எழுந்து வந்தது. சும்மா கிடைத்தபோது பார்க்கவில்லை. பூட்டுப் போட்டு வைத்தபிறகு காசு கட்டிப் பார்க்கிறாள். அட, அதே வார்த்தை. சும்மா. இதற்கும் அதே வார்த்தைதானா? ஊசியில் நூலைக் கோர்த்தாள், நுழையவில்லை, எச்சில் படுத்தி மறுபடியும் கோர்த்தாள். இன்னும் பதினைந்து நாளில் கிறிஸ்மஸ். வரலியாம், லீவு இல்லியாம், என்று போன ஞாயிறு சுவரைப் பார்த்துச் சொன்னார் லாசர். போன கிறிஸ்மஸுக்கும் லீவு இல்லை. இன்னும் ஒரு கிறிஸ்மஸ் போய்விட்டால் அப்புறம் இதுவே பழகிவிடும், அதுதான் பயம் சகாயத்துக்கு. கோபம்கூடப் பரவாயில்லை, கோபத்தில் ஆள் இருக்கிறது. பழகிவிட்டால் ஆளே இல்லை.

அதனால்தான் இன்றைக்கு எழுதிவிடுவது என்று பூசையிலேயே முடிவு செய்திருந்தாள். உறுப்பினராக இருப்பவர்கள் கீழே இருக்கிற பெட்டியில் கருத்து எழுதலாம், அதைக் கமெண்டரிக்காரர் எடுத்துப் படிப்பார். மூக்கடைத்த குரல் அந்த ஆளுக்கு. மதுரையிலிருந்து கண்ணபிரான் அருமையான கட் ஷாட் என்கிறார், குவைத்திலிருந்து ஜமால் பாய் சிவப்பை முதல்ல எடுக்கணும் என்கிறார், என்று கூடவே படித்துக்கொண்டு போவார். ஆட்டம் முடிந்தபிறகும் அதெல்லாம் அங்கேயே கிடக்கும். ஆடினவர்களும் பார்ப்பார்களாம். அப்படியானால் பெனிட்டாவும் பார்ப்பாள். போன் பண்ணினால் கட் பண்ணலாம், இதைக் கட் பண்ண முடியாதே. ஆனால் என்ன எழுதுவது? நல்லா ஆடுறே? பதினாலு மாசம் கழித்து ஒரு தாய் சொல்கிற வார்த்தையா அது, குவைத் ஜமால் பாய்கூட அதைச் சொல்கிறார். மன்னிச்சிரு என்று எழுதலாமா? நானூறு பேர் பார்க்கிற இடத்தில், மூக்கடைத்த ஆள் படிக்க, சகாயமேரி லாசர் மன்னித்துவிடு என்கிறார் என்று... ஐயோ மாதாவே. அம்மாடி தப்பு என்மேலதான். இது பரவாயில்லை. இதையே எழுதலாம். எழுத்துப் பலகையில் அவளுக்கு எழுத்தே கிடைக்காது, க இருந்தால் கா இருக்காது, அதனால் மைக் படத்தைத் தொட்டு வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும், டெய்லருக்கு அப்படித்தான் மெசேஜ் போடுவாள். சொல்ல வேண்டியது ஒரு வரி. தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் தொடப் போனபோது கதவு திறந்தது.

லாசர், கையில் சொட்டச் சொட்ட ஒரு பை. "காசிமேட்ல இன்னிக்கு மீன் நல்ல வரத்து. ஏந்திரி, ஆஞ்சி குடுத்துட்டான், அப்படியே போடவேண்டியதுதான்."

"இப்ப முடியாது. நீயே வை."

"நானா?" என்றவர் குனிந்து போனைப் பார்த்தார். வழக்கமாகச் சமையல் வீடியோ பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றார். "பெனி கை மாதிரி கீதே."

"மாதிரி இல்ல."

"எவ்ளோ நாளா இது?"

"ஒம்போது மாசமா."

நிமிர்ந்தார். பையை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம், சட்டியைத் தேடுகிறார். அடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. மகள் கையைப் பார்த்தாள் சகாயம். பெனிட்டா இருபது, வளையல்காரி பத்தொன்பது. இருபத்தைந்து எடுத்தால் கப். இந்த ஒரு போர்டில் முடிந்துவிடும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். மைக்கைத் தொட்டாள். சிவப்பாகத் துடித்துக்கொண்டு அது கேட்க ஆரம்பித்தது. அம்மாடி... வாய் திறந்தது, குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. இவ்வளவு நாள் எத்தனை கத்தியிருக்கிறாள் அந்தப் பிள்ளையிடம், ஒரு நாளாவது குரல் வராமல் போயிருக்கிறதா? கண் நிறைந்து திரை மங்கியது. மூக்கை உறிஞ்சினாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து புளிக்கரைசலை ஊற்றுகிற சத்தம், ஊற்றுகிறார், ஊற்றுகிறார், நிறுத்துகிற வழியாகவே இல்லை. கழுத்தைத் திருப்பிக் கத்தினாள்: "யோவ், புளி போதும் நிறுத்துய்யா! பெனி இருந்தா இந்த மீன் கொழம்பை வாயில வெக்க மாட்டா!" கத்திவிட்டுத்தான் மைக் ஞாபகம் வந்தது. ஐயையோ என்று அழிக்கப் போனாள். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் ஜாக்கெட். கட்டைவிரல் போய் அனுப்புகிற அம்புக்குறிமேல் விழுந்தது. அது போயே போய்விட்டது.

கமெண்டரிக்காரர் படித்தார். படிக்காமல் இருப்பாரா. "ராயபுரத்துலேர்ந்து நம்ம உறுப்பினர் சகாயமேரி லாசர் என்ன சொல்றாங்கன்னா... யோவ் புளி போதும் நிறுத்தையா, பனி இருந்தா இந்த மீன் குழம்ப வாயில வெக்க மாட்டா." இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். "மேடம், ராயபுரத்துல எங்க மேடம் பனி?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், அவரும் சிரித்தார், குவைத் ஜமால் பாய் உட்படப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். பெனியைப் பனி என்று எழுதிவிட்டிருந்தது அந்தச் சனியன் பிடித்த போன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது சகாயத்துக்கு. பதினாலு மாசம் சேர்த்து வைத்து, பூசையில் முழங்கால் போட்டு வேண்டி, கடைசியில் அனுப்பினது புளியைப் பற்றி. அதற்குள் அங்கே பெனிட்டா சிவப்பைக் குழியில் போட்டுவிட்டாள். நல்ல அடி. ஃபாலோவுக்கு வெள்ளைக் காய் நேராக நின்றது, சகாயத்துக்கே தெரிகிற அளவுக்கு நேராக. போடு கண்ணு. கை நீண்டது, நின்றது, அடித்தது. காய் குழியின் உதட்டில் உட்கார்ந்து, உள்ளே போகாமல் நின்றுவிட்டது. நடுவர் கை வந்து சிவப்பை எடுத்து நடுவில் வைத்தது. அப்புறம் வளையல் கை நிறுத்தவேயில்லை, சிவப்பு, அதன் பின்னாலேயே ஒன்று, அப்புறம் மீதி எல்லாம். இருபத்தைந்து. போர்டுக்கு மேலே இரண்டு கையும் குலுக்கிக்கொண்டன. மகள் கை உடனே போகவில்லை. உள்ளங்கையால் பவுடரை ஒருதரம், மெதுவாக, துடைத்துவிட்டுப் போனது.

தோத்துட்டா, என்றாள் சகாயம். சமையல்கட்டிலிருந்தபடியே, தோத்தா ரூமைச் சாத்திக்கினு சாப்பிடாம அந்த ஆட்டத்தையே போட்டுப் பாத்துக்கினு இருப்பா, என்றார் லாசர். சகாயம் ஐந்தாவது ஜாக்கெட்டை எடுத்தாள், வைத்துவிட்டாள். போட்டுப் பார்ப்பாள். பார்த்தால் அடியில் புளி கிடக்கும். தோற்று உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? இவளுக்கு இன்னிக்கும் நான் சும்மாதான் என்று நினைக்க மாட்டாளா? அழிக்கத் தெரியவில்லை. கருத்தை அமுக்கினாள், இழுத்தாள், அது பாட்டுக்கு இருந்தது. சரி, ஆளே போய்விட்டால் ஆள் எழுதினதும் போய்விடும் அல்லவா? உறுப்பினர் பக்கத்தைத் திறந்து, சந்தாவை ரத்து செய் என்பதைத் தேடினாள். சேரும்போது வாசலிலேயே நின்று கூப்பிட்டவர்கள் அதைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே விலகுகிறீர்களா என்று கேட்டது. ஆமாம். அடுத்த மாதம் பாதி விலையில் தொடரலாமே என்றது. வேண்டாம். எங்களைப் பிரிவதற்கான காரணம்? நாலு காரணம் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னது. விலை அதிகம். விளையாட்டு பிடிக்கவில்லை. நேரம் இல்லை. வேறு. வேறு என்பதன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறுதான். இதை விட்டால் அந்தக் கையும் கிடையாது, நகமும் கிடையாது, தழும்பும் கிடையாது. விரல் அங்கேயே நின்றது. உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது.

டிங் என்றது போன். மேலே ஒரு சின்னப் பட்டை இறங்கியது. உங்கள் கருத்துக்கு ஒரு பதில். யாராவது கேலி பண்ணியிருப்பான் என்று பயந்துகொண்டே தொட்டாள். சிரிப்புப் பொம்மைகளுக்கெல்லாம் கீழே, பெனிட்டா லாசர் என்று பெயர் இருந்தது. பெயரைத்தான் முதலில் படித்தாள். இரண்டு தடவை, எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதற்கப்புறம்தான் கீழே இருந்ததைப் படித்தாள்.

இன்னா மீனு?

மடியிலிருந்த ஜாக்கெட்டெல்லாம் தரையில் சரிய எழுந்தாள். என்ன மீன்? மாதாவே, என்ன மீன்? அந்த மனுஷன் பையோடு வந்து நின்றார், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். லாசர் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இன்னா மீனு வாங்கினே?"

"ஏன், வாசம் சரியில்லியா?"

"சீக்கிரம் சொல்லுய்யா," என்றாள் சகாயம். "ஒம் பொண்ணு கேக்குறா."